பைப் எத்தனை மணிக்கு ஒழுகுகிறது? குளிரும் வெயிலும் செய்யும் கோளாறுகளும் திருத்தும் வழிகளும்

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எனக்கு வேலை பழக்கிய பெரிய ஃபிட்டர் மாமாவிடம் யார் வந்து "பைப் ஒழுகுது" என்றாலும், அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனை மணிக்கு ஒழுகுது?" ராகு காலம் பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஒழுகுகிற இடத்தை இறுக்கிவிட்டுப் போகாமல் இதென்ன விசாரணை என்று நினைப்பேன். இறுக்கத் தேவையில்லாத இணைப்புகளை இறுக்கி, நாலைந்தை உடைத்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது.

நம் மலைநாட்டில் இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒரே நாளில் படும் பாடு கொஞ்சமல்ல. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்திருக்கும் சில இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே போய், பள்ளத்தில் நிற்கும் தேயிலையில் உறைபனி படிந்து கொழுந்து கருகும். அன்றே பகலில் 20 பாகை. அது காற்றின் கணக்கு. வெயிலில் கிடக்கும் தகரமும் கறுப்புப் பைப்பும் 50 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். இரவில் அதே தகரம் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஜூன், ஜூலை மழையில் நாள் முழுக்க மூடிக்கிடப்பதால் காலைக்கும் மத்தியானத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, கோளாறும் குறைவு. தைப்பொங்கல் சமயத்தில்தான் எனக்கு ஃபோன் ஓயாது.

கணக்கை ஒரு தடவை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 10 மீற்றர் நீளமுள்ள பொருள் 10 பாகை சூடேறினால், இரும்பு 1.2 மில்லிமீற்றர் நீளும். செம்பு 1.7, அலுமினியம் 2.3. பீ.வி.சி கிட்டத்தட்ட 7. ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கறுப்பு அல்கத்தீன் பைப் 15 முதல் 20 வரை. குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். மற்றதெல்லாம் பெருக்கல்தான். சீமெந்துக் கலவை ஏறக்குறைய இரும்பின் அளவே நீளும் என்பதால்தான் கொங்கிறீட்டுக்குள் கம்பி வைத்துக் கட்ட முடிகிறது. பிளாஸ்டிக்கும் இரும்பும் சேரும் இடத்தில்தான் வம்பு.

1.2 மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு அங்குல ஜீ.ஐ பைப்பை (நாகம் பூசிய இரும்புப் பைப்பை) இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டு 30 பாகை சூடாக்கினால், அது தள்ளும் விசை இரண்டு தொன்னுக்கு மேல் வரும். செங்கல் சுவரில் அடித்த கிளிப் அதற்கு எம்மாத்திரம்? கோச்சிப் பாதையில் தண்டவாளங்கள் சந்திக்கும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டிருப்பதும் இதற்காகத்தான். 13 மீற்றர் தண்டவாளம் ஒன்று 40 பாகை மாற்றத்துக்கு 6 மில்லிமீற்றர் நீளும். நானுஓயாவுக்கு ஏறும்போது கேட்கும் அந்த "தடக் தடக்" சத்தத்தில் பாதி இந்த இடைவெளியின் சத்தம்.

சரி, இனிக் கோளாறுகள்.

விடியற்காலையில் சொட்டுகிறது, பத்து மணிக்குத் தானே நின்றுவிடுகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பைப் திருத்தும் பாஸ் வருவதற்குள் ஒழுகல் நின்றுவிடும். "இங்க ஒண்ணும் இல்லையே" என்று அவர் போய்விடுவார். வீட்டுக்காரர் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

முதலில் சொட்டும் இணைப்பில் எது உள்ளே, எது வெளியே என்று பாருங்கள். பீ.வி.சி வால்வ் சொக்கெட்டின் மரை ஜீ.ஐ சொக்கெட்டுக்குள் திருகப்பட்டிருந்தால், பிளாஸ்டிக் உள்ளே, இரும்பு வெளியே. குளிரில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அதிகமாகச் சுருங்கும், இரும்பு அவ்வளவு சுருங்காது. இடையில் தண்ணீர் கசிய வழி கிடைக்கும். வெயில் ஏறியதும் பிளாஸ்டிக் ஊதி மறுபடி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் குறுக்களவில் வரும் இந்த வித்தியாசம் தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. அது மட்டுமே காரணம் என்றால் நல்ல த்ரெட் டேப் நாலு சுற்றுச் சுற்றினாலே அடங்கிவிடும். அடங்கவில்லையா? அப்படியானால் பைப் நீளவாக்கில் இழுக்கிறது. நடந்தது அநேகமாக இப்படி இருக்கும்: மத்தியான வெயிலில் முற்றத்தில் கிடந்து சூடான 6 மீற்றர் பீ.வி.சி பைப்பை எடுத்து, அளந்து வெட்டி, கம் பூசி, இரண்டு பக்கமும் சுவரோடு இறுக்கிவிட்டார்கள். இரவில் அது 30 பாகை குளிர்ந்தால் 12, 13 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடமில்லாததால் கடைசியில் இருக்கும் மரையை இழுத்துக்கொண்டே நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலை ஆறு மணிக்கு, சொட்டும்போதே, பக்கத்தில் உள்ள கிளிப் இரண்டைத் தளர்த்திப் பாருங்கள். பைப் சட்டென்று ஒரு பக்கம் நகர்ந்து சொட்டு குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருத்துவதற்கு இறுக்குவது உதவாது. நேர்கோட்டில் ஓரிடத்தில் வெட்டி, இரண்டு எல்போ போட்டு, பைப்பை ஒன்றரை அடி பக்கவாட்டில் விலக்கிக் கொண்டுபோங்கள். அந்த வளைவு வளைந்து கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்ளும். கிளிப்புகளில் ஒன்று மட்டும் பைப்பை இறுகப் பிடிக்கட்டும். மற்றவை பைப் வழுக்கிப் போகும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் போதும். புதிதாகப் போடுகிறவர்கள் அளவெடுத்து ஒட்டும் வேலையைக் காலையிலேயே செய்யுங்கள், பைப்பை நிழலில் வையுங்கள். இறப்பர் வளையம் வைத்த இணைப்பு என்றால், முட்டும் வரை தள்ளிவிட்டு ஒரு சென்ரிமீற்றர் பின்னால் இழுத்து விடுங்கள்.

வெயில் ஏறினால்தான் ஒழுகுகிறது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். உள்பக்கம் மரை உள்ள பீ.வி.சி ஃபோசெட் சொக்கெட்டுக்குள் பித்தளை அல்லது ஜீ.ஐ நிப்பிள் (மரை போட்ட குட்டைப் பைப் துண்டு) போயிருக்கும். வெளியே உள்ள பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து பிடியை விட்டுவிடும். இதை இறுக்கினால் அந்த நேரம் நிற்கும். இரவில் பிளாஸ்டிக் சுருங்கும்போது உள்ளே இருக்கும் இரும்பு அசையாது, பிளாஸ்டிக் நீளவாக்கில் வெடிக்கும். நான் உடைத்த நாலைந்தும் இந்த வகைதான். பித்தளை மரை பதித்த சொக்கெட் வாங்கிப் போடுங்கள், அல்லது இறப்பர் வொஷர் வைத்த யூனியன் போடுங்கள். நடுவில் இறப்பர் இருந்தால் இரண்டு பக்கத்துச் சண்டையையும் அது தீர்த்துவைக்கும்.

சுடுதண்ணீர் வரும் வழியில் சாதாரண பீ.வி.சி போட்டிருந்தால் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். 60 பாகையில் அது மெதுவாகத் தளர்ந்துபோகும். கழற்றிவிட்டு அதற்கென்று உள்ள பைப்பைப் போடுங்கள்.

மலையில் போட்ட கறுப்புப் பைப் கழன்றுகொண்டே இருக்கிறது

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே ஊற்று, கீழே தொட்டி, இடையில் தேயிலைக்குள்ளே 100 மீற்றர் கறுப்புப் பைப். வறட்சி மாதங்களில் ஊற்று சுரப்பது குறைந்து பைப் பாதி காலியாகக் கிடக்கும். தண்ணீர் ஓடினால் பைப் தண்ணீரின் குளிரிலேயே இருக்கும். ஓடாவிட்டால் வெயில் முழுக்க அதற்குத்தான். 10 பாகையிலிருந்து 50 பாகைக்குப் போனால் அந்த 100 மீற்றரும் 60 முதல் 80 சென்ரிமீற்றர் வரை நீளப் பார்க்கும். இரண்டு அடிக்கு மேல்! காலையில் அவ்வளவும் திரும்பிச் சுருங்க வேண்டும். ஜீ.ஐ நிப்பிளில் சொருகிக் கட்டுக்கம்பி சுற்றிய இணைப்பு எத்தனை நாள் தாங்கும்?

சரிவில் இன்னொரு கூத்தும் நடக்கும். பகலில் பைப் நீளும்போது கீழ்ப்பக்கமாகவே நகரும், ஏனென்றால் அதுதான் சுலபம். இரவில் சுருங்கும்போது கீழ்முனை மேலே ஏறி வராது; மேல்முனைதான் கீழே இழுபடும். இப்படி நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பைப்பும் மலையில் இறங்கும். அதனால்தான் எப்போதும் ஊற்றுப் பக்கத்து இணைப்பு கழன்று, தொட்டிப் பக்கத்தில் பைப் சுருண்டு கிடக்கும். "யாரோ இழுத்துப் போட்டிருக்கான்" என்று பக்கத்து லயத்தோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நடந்த அந்தச் சண்டையில் நானும் ஒரு பக்கம் நின்றேன் என்பது வேறு கதை.

முடிந்தால் ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். மண்ணுக்குள் இரவு பகல் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். முடியாத இடத்தில் நேராக இழுத்துப் போடாமல் பாம்பு போல நெளிவாக விடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் மேல்ப்பக்கத்தில் ஒரு கட்டை அடித்து, பைப்பைத் தோல் கீறாத மாதிரி பழைய டியூப் துண்டு சுற்றிக் கட்டுங்கள். அப்போது பாரம் கட்டையில் இருக்கும், இணைப்பில் இருக்காது. சொருகிக் கட்டிய இணைப்புகளை, நட்டை இறுக்கினால் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் வகைக்கு மாற்றுங்கள்.

பெரிய வேலைகளிலும் யோசனை இதேதான். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்கும் மாதிரியான பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட குழாய்களை வளைவுகளில் பெரிய கொங்கிறீட் கட்டைகள் அசையாமல் பிடித்திருக்கும். இரண்டு கட்டைகளுக்கு இடையே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும் இணைப்பு வைப்பது வழக்கம். ஓரிடத்தில் பிடி, இன்னோரிடத்தில் விடு.

கூரைத் தகரம் "டக் டக்" என்கிறது, ஆணித் துளையில் ஒழுகுகிறது

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். மூடுபனி விலகி வெயில் அடிக்கும் நேரத்திலும், பொழுது சாய்ந்த பிறகும் தகரம் நகரும். ஆணி பிடித்து வைத்திருக்கும். ஒரு கட்டத்தில் வழுக்கி விடும். அதுதான் அந்த "டக்". நம் ஊரில் பனி ஒரே நாளில் நாலு தடவை மூடித் திறப்பதால் கொழும்பில் இருப்பவர்களைவிட நமக்குச் சத்தம் அதிகம்.

ஒழுகல் அப்படியல்ல. 30 அடி நீளத் தகரம் இரவுக்கும் பகலுக்கும் இடையில் 5 மில்லிமீற்றர் அளவு போய்வரும். அலுமினியத் தகரம் என்றால் அதில் இரட்டிப்பு. வருடக்கணக்கில் ஆணி நின்ற இடத்தில் தகரம் மட்டும் நகர, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அதன் மேல் தார் பூசுவது ஒரு மழைக்குத்தான். தார் குளிரில் விறைத்துத் தகரத்தோடு நகர முடியாமல் வெடிக்கும். பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, அகலமான இறப்பர் வொஷர் உள்ள ஸ்குரூவைத் தகரத்தின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் வேண்டாம். நீளத் தகரத்தில் துளையை ஸ்குரூவைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிதாக்குங்கள். இறப்பர் பிதுங்கும் வரை இறுக்காதீர்கள். மெல்ல அமுங்கினால் போதும்.

ஹீட்டரின் வால்விலிருந்து சொட்டுகிறது

தண்ணீரும் நீளுகிற பொருள்தான், என்ன, அது எல்லாப் பக்கமும் வீங்கும். 50 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60க்குச் சூடாக்கினால் ஏறக்குறைய முக்கால் லீற்றர் கூடும். உள்ளே வரும் வழியில் திரும்பவிடாத வால்வ் இருந்தால் அந்த முக்கால் லீற்றருக்குப் போக இடம் பாதுகாப்பு வால்வ் ஒன்றுதான். ஆகவே சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. அதில் கட்டை சொருகி அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஹீட்டர் வெடிக்கும்.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால், வால்வுக்குள் தூசி மாட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் தொட்டி வீட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். தொட்டி 60 மீற்றர் மேட்டில் இருந்தால் 6 பார், பல வால்வுகள் திறக்கும் அளவுக்கு அது கிட்ட வந்துவிட்டது. நடுவழியில் ஒரு இடைத்தொட்டி கட்டுவதுதான் மலிவான தீர்வு.

சுவருக்குள் சுடுதண்ணீர்ப் பைப்: சத்தமும் வெடிப்பும்

சாந்து பூசி மறைத்த பைப்பின் வழியே நேர்கோட்டில் மயிரிழை வெடிப்பு ஓடினால், பைப்புக்கு நகர இடம் விடாமல் பூசியிருக்கிறார்கள். அந்த நீளத்தை மட்டும் கொத்தித் திறந்து, பைப்புக்கு மெத்தென்ற உறை போட்டு மறுபடி பூசுங்கள். முனைகளில் எல்போ இருக்கும் இடத்தில் உறையைக் கொஞ்சம் தடிப்பாகப் போடுங்கள், முட்டுவது அங்கேதான்.

ஸ்டோரில்: திங்கட்கிழமை காலையில் ஃபிளான்ஜ் சீறுகிறது

பொயிலர் உள்ள ஸ்டோர்களில் வேலை செய்கிறவர்களுக்காக இது. ஞாயிறு முழுக்க ஆறிக்கிடந்த ஆவிக் குழாயில் திங்கள் காலை ஆவியைத் திறந்தால் ஃபிளான்ஜில் (குழாய் முனைகளை போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகளில்) ஆவி சீறும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். ஆறியபோது போல்ட்டும் ஃபிளான்ஜும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, தட்டுகளுக்கு நடுவே வைத்த பழைய கேஸ்கெட் இறுகிப்போய் இடைவெளியை நிரப்ப மறுக்கிறது. அழுத்தம் இருக்கும்போது போல்ட்டில் கை வைக்கக் கூடாது. ஆறவிட்டு, அழுத்தம் முழுக்க இறக்கி, கேஸ்கெட்டை மாற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஆவியை மெல்லத் திறந்து, குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியேற்றினால் பாதிக் கோளாறு வராது.

ஆனால் சீறல் நிற்காமல் வாரத்துக்கு வாரம் கூடினால் குழாயின் போக்கைப் பாருங்கள். ஒருமுறை எங்கள் ஸ்டோரில் வெளியாள் ஒருவர் 22 மீற்றர் ஆவிக் குழாயைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பழையதில் நடுவே ஒரு பெரிய "ப" வடிவ வளைவு இருந்தது. அது வீண் செலவு, இடத்தை அடைக்கிறது என்று அவர் நேராகவே போட்டுவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிய ஃபிட்டர் மாமா மட்டும் வளைவு இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது சுவரைத் தள்ளும்டா தம்பி" என்றார்.

20 பாகையிலிருந்து 170 பாகைக்கு ஏறும்போது அந்தக் குழாய் நீள வேண்டிய அளவு 40 மில்லிமீற்றர். மூன்றாம் நாள் கடைசித் தாங்கி இரண்டு செங்கல்லோடு சுவரை விட்டு வெளியே வந்தது. நல்லவேளை கீழே யாரும் இல்லை. வளைவைத் திரும்பப் போட்டோம். ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்து, மற்றத் தாங்கிகளில் குழாய் உருண்டு போக உருளை வைத்தோம். இன்றைக்கும் பொயிலர் ஏறும்போது அந்த வளைவு மெதுவாக வாயை மூடுவதைப் பென்சில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்புக் குழாய்கள் வெடிப்பதும் இதன் உறவுதான். விறகை ஒரேயடியாகத் திணித்து ஏற்றுவதும், தீயை அணைத்த கையோடு காற்றாடியை நிறுத்துவதும் வேண்டாம். குழாய் ஆறும் வரை காற்றாடி ஓடட்டும்.

இரும்பு கேட் மத்தியானத்தில் பூட்ட மாட்டேன் என்கிறது

12 அடி கேட் 30 பாகைக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். தாழ்ப்பாளின் துளையை அரத்தால் இரண்டு மில்லிமீற்றர் அகலமாக்குங்கள், முடிந்தது.

வெப்பத்தின் மேல் பழி போடக் கூடாதவை

மரக்கதவு மழைக்காலத்தில் இறுகுவது ஈரத்தால். குழாயைச் சட்டென்று மூடும்போது "டமார்" என்று அடிப்பது ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்பதால். மெதுவாக மூடினால் போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். பைப் இணைப்பு விலகினாலும் சுவரில் வெடிப்பு விட்டாலும், அதன் குறுக்கே பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து இடைத்தூரத்தை அளந்து, திகதியும் நேரமும் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும், ஒரு வாரம். வெப்பம் என்றால் இடைவெளி போய்வரும். போனது திரும்பாமல் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால், நகர்வது பைப் அல்ல, மண். கூடவே மேட்டுப் பக்கத்து மரம் சாய்வது, நிலத்தில் பிளவு விடுவது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்புவது, ஓடிய ஊற்று கலங்கி வருவது என்று ஏதாவது தெரிந்தால் ஸ்பானரைக் கீழே வையுங்கள். கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள், இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117ஐ அழையுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அந்த நேரம் மழையும் பெய்துகொண்டிருந்தால் யாரும் வந்து பார்க்கும் வரை காத்திருக்காமல், பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் அந்த லயத்தை விட்டு இறங்குங்கள். பைப்பைப் பிறகு பார்க்கலாம்.